நீர் இழுத்த வழி

சேலத்திலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைத் தொட நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவரிடம் போய்க் கடல் நீரோட்டம் என்று பேச்செடுத்தால், "காவேரில தண்ணி வந்தாப் போதுமுங்க" என்று சொல்லிவிட்டு வெல்டிங்கைப் பார்க்கப் போய்விடுவார். அப்படிப்பட்ட சீமையில், மோகனூரில், பிறந்து வளர்ந்துவிட்டுச் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன் நான். செகண்ட் மேட்டாக இருந்த காலத்தில் கப்பல் போகும் வழியை வரைபடத்தில் கோடு போட்டுக் குறிப்பது என் பொறுப்பு. ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பிறகு பழைய சேலம் மாவட்டத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதில் என் ஊரையும் என் தொழிலையும் ஒன்றாக முடிச்சுப் போட்ட சரக்கு ஒன்று அகப்பட்டது. அது கஞ்சமலை இரும்பு.

சேலத்துக்கு மேற்கே, சித்தர் கோயிலுக்குப் பேர்போன மலை அது. உடம்பு முழுக்கக் காந்தக்கல். மழை அரித்துக்கொண்டு வந்து ஓடைகளில் ஒதுக்கும் கருமணலையும், மலைச்சரிவில் கிடக்கும் கல்லையும் எடுத்து, இடித்து, நீரில் அலசி, ஆள் உயரத்துக்கும் குறைவான மண் உலையில் கரியோடு மாற்றி மாற்றிக் கொட்டி, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி இரும்பு எடுத்தார்கள். அந்த இரும்பைச் சின்ன மண் குப்பியில் போட்டு, ஆவாரங்குச்சியை நறுக்கிச் சேர்த்து, மேலே எருக்கிலையை மூடி, களிமண்ணால் வாயடைத்துச் சுட்டால் எஃகு. மைக்கேல் ஃபாரடே 1820 வாக்கில் லண்டனில் உட்கார்ந்து ஆராய்ந்து பார்த்தது இந்த வகை இந்திய எஃகைத்தான். ஆவாரையும் எருக்கும் சேரும் இந்தச் செய்முறையை ஆங்கிலத்தில் எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் ஜோசையா மார்ஷல் ஹீத்.

ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அதிகாரி. சேலத்தில் கம்பெனியின் வணிகத்தைப் பார்த்துக்கொண்டவர். இங்கே குடிசைக்குக் குடிசை உருகும் இரும்பைப் பார்த்ததும், இதை ஐரோப்பிய ஊதுலையில் உருக்கினால் ஸ்வீடன் இரும்பை இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து விரட்டிவிடலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. வேலையை விட்டார். 1830-ல் கடற்கரையில், வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில், உலை போட்டார். பின்னர் மலபாரில் பேப்பூரிலும் ஓர் ஆலை எழுந்தது.

மலை சேலத்தில், உலை பரங்கிப்பேட்டையில். இடையில் ரயில் கிடையாது. சேலத்துக்கு ரயில் வர இன்னும் முப்பது வருஷம் இருந்தது. ஆகவே கல்லை மாட்டுவண்டியில் காவிரிக் கரைக்குக் கொண்டுவந்து, பரிசலில் ஏற்றி ஆற்றோடு விட்டார்கள். காவிரியில் இறங்கி, கொள்ளிடத்தில் திரும்பி, கடலோரம் வரை நீர்தான் வண்டி. உருக்கிய இரும்பில் ஒரு பகுதி அங்கிருந்து பாய்மரக் கப்பலேறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இங்கிலாந்து போனது. கஞ்சமலை அடிவாரத்துக் கல் முதல் ஷெஃபீல்டு எஃகு உலை வரை, வழியில் பெரும்பகுதியை நீரின் ஓட்டமே தீர்மானித்திருக்கிறது. ஒரு மாலுமியின் கண்ணோடு அந்த வழியைத் திரும்பப் போய்ப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆறு. இன்று மோகனூருக்கும் எதிர்க்கரை வாங்கலுக்கும் நடுவே பாலம் இருக்கிறது. நான் பையனாக இருந்தபோது பரிசல்தான். வாழைத்தார், வெற்றிலைக் கட்டு, சந்தைக்குப் போகிற ஆடு, கல்யாணத்துக்குப் போகிற சனம் எல்லாம் அதில்தான் போயாக வேண்டும். தண்ணீர் நிறைய வந்த ஆடி, ஆவணியில் பரிசல்காரர் எங்களை ஏற்றியதும் ஆற்றுக்குள் விடமாட்டார். கரையோரமாகவே கழியை ஊன்றி ஊன்றி மேற்கே வெகுதூரம் ஏற்றிக்கொண்டு போவார். அதன் பிறகுதான் துடுப்பை எடுப்பார். துறை நேர் எதிரே தெரிய, எதற்கு இவ்வளவு சுற்று என்று ஒருநாள் கேட்டேன்.

"நேரா உட்டா நேராப் போயிருமா கண்ணு? ஆத்தோட போயி கீழ எங்கியாச்சும் முள்ளுக்காட்டுலதான் ஏறோணும். அது இழுக்கற இழுப்ப மொதல்லயே குடுத்துப்போடோணும்."

பிற்பாடு மும்பையில் கப்பல் பயிற்சியில் முக்கோணம் போட்டுச் சொல்லிக் கொடுத்த பாடமும் இதுதான். கப்பல் 5 நாட் வேகத்தில் போகிறது, குறுக்கே 1 நாட் நீரோட்டம் என்று வைத்துக்கொள்வோம். போக வேண்டிய திசையிலிருந்து பதினொன்றரை பாகை நீரோட்டத்துக்கு எதிராக முகத்தைத் திருப்பிப் பிடித்தால்தான் நினைத்த கோட்டில் போகும். பிடிக்காவிட்டால் ஒரு நாளில் 24 கடல் மைல், அதாவது 44 கிலோமீட்டர், ஒதுங்கிப் போயிருக்கும். ஒரு நாட் என்பது நடக்கிற மனிதனின் வேகத்தில் பாதிகூட இல்லை. ஆனால் அது தூங்காது, நிற்காது.

ஆற்றுக்கும் கடலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பரிசல்காரருக்கு இரண்டு கரையும் கண்ணில் படும். அக்கரைப் பனைமரம் நகர்வதைப் பார்த்தே ஆற்றின் இழுப்பை அளந்துவிடுவார். நடுக்கடலில் பார்த்துக்கொள்ள எதுவும் இல்லை. காற்று கப்பலைப் பக்கவாட்டில் தள்ளினால் பின்னால் விழும் நுரைத்தடம் கோணலாகும், அதைக் கண்டுபிடித்துவிடலாம். நீரோட்டம் கடலையும் கப்பலையும் சேர்த்தே நகர்த்துவதால் தடம் நேராகத்தான் இருக்கும். வேகம் அளக்கும் முறையும் உதவாது. அந்தக் காலத்தில் கயிற்றில் கட்டிய கட்டையைக் கடலில் போட்டு, 28 வினாடி மணற்கடிகை காலியாவதற்குள் எத்தனை முடிச்சு கையை விட்டுப் போகிறது என்று எண்ணினார்கள். கட்டையும் அதே நீரில்தான் மிதக்கிறது, அதுவும் கூடவே போகிறது. ஆகவே ஓடும் நீருக்குள் இருந்துகொண்டு ஓட்டத்தை அளக்க வழி கிடையாது. வெளியே ஒரு பிடிமானம் வேண்டும்: ஒரு மலை, ஒரு நட்சத்திரம், உச்சிவெயில்.

அப்படியானால் ஹீத்தின் இரும்பை ஏற்றிய கப்பல் தலைவன் எதை நம்பிப் போனான்?

காலண்டரை நம்பித்தான் முதல் அடியே எடுத்திருப்பான். சோழமண்டலக் கரையில் நீரோட்டம் வருஷத்துக்கு இரண்டு தடவை திசை மாறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வாடை வீசும்போது, கரையை ஒட்டித் தெற்கே ஓடும். பிப்ரவரியிலேயே திரும்பி வடக்கே ஓட ஆரம்பித்துவிடும், மார்ச் ஏப்ரலில் வலுக்கும். எங்கள் கடலோர மீனவர்கள் நீவாடு என்று சொல்லி, வலை விடுவதற்கு முன் பார்ப்பது இதைத்தான். இதில் ஒரு விசித்திரம், பிப்ரவரியில் வாடையின் மிச்சம் இன்னும் வீசிக்கொண்டிருக்கும்போதே நீர் வடக்கே கிளம்பிவிடுகிறது. கரையோரக் காற்றை மட்டும் பார்த்தால் இதற்குக் காரணம் கிடைக்காது. வங்கக் கடலின் நடுவிலும் தூரத்து நிலநடுக்கோட்டுப் பகுதியிலும் வீசும் காற்று எழுப்பும் நீண்ட அலைகள் பல வாரம் பயணப்பட்டு வந்து இந்தக் கரையில் நீரைத் திருப்புகின்றன என்பதை, கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவனத்தாரும் அவர்களோடு உழைத்தவர்களும் 1990களில்தான் தெளிவாக்கினார்கள்.

இப்போது ஹீத்தின் வருஷத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காவிரியில் பரிசல் நிறையக் கல் ஏற்றிப் போகும் அளவுக்குத் தண்ணீர் வருவது ஆடி முதல். மேட்டூர் அணை 1934-ல்தான் முடிந்தது, அதற்கு முன் ஆறு தன்னிஷ்டத்துக்கு வரும், போகும். பரிசலைக் கீழே விடுவது சுலபம். திரும்பி எதிர்நீரில் துடுப்புப் போட்டு ஏற முடியாது, தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோடு நடந்துதான் வர வேண்டும். ஆக, சரக்கு இறங்குவது வருஷத்தில் சில மாதம். அது உருகி இரும்பாகும்போது ஐப்பசி வந்துவிடும். அந்த நேரத்தில் கரையோரம் நிற்கிற கப்பலுக்கு உயிர் உத்தரவாதம் இல்லை. சென்னையில் கம்பெனி அக்டோபர் 15-ல் கொடிமரத்தை இறக்கிவிட்டு டிசம்பர் 15-க்குத்தான் மறுபடி ஏற்றும். இடைப்பட்ட இரண்டு மாதம் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்பது அவரவர் தலைவிதி. ஜனவரியில் கிளம்பினால் வாடைக்காற்று முதுகில் இருக்கும், கரையோர நீரும் இன்னும் எதிர்க்கத் தொடங்கியிருக்காது. பிப்ரவரி கடைசி என்றால் காற்று ஒரு பக்கம் தள்ள, நீர் எதிர்ப்பக்கம் இழுக்கும். அதற்குக் கரையை விட்டு நன்றாக வெளியே ஒதுங்கிப் போக வேண்டும். காவிரிக்கு ஒரு பருவம், கடலுக்கு ஒரு பருவம் என்று ஆனபோது, இரும்பு துறைமுகத்தில் காத்துக் கிடப்பதும் இந்தத் தொழிலின் செலவில் ஒன்று.

தெற்கே இறங்கியதும் இலங்கை. பாக் நீரிணை பெரிய கப்பலுக்கு ஆழம் போதாது, ஆகவே தீவைச் சுற்றியாக வேண்டும். இலங்கையின் தென்முனையான தெவுந்தரைக்குக் கீழே ஓடும் நீரோட்டமும் பருவத்துக்குப் பருவம் புரளும். மார்கழி, தை மாதங்களில் மேற்கே ஓடி அரபிக் கடல் பக்கம் கொண்டுபோகும். ஆனி, ஆடியில் அதே இடத்தில் கிழக்கே ஓடும், வேகம் இரண்டு நாட்டுக்குக் குறையாத நாள்களும் உண்டு.

அந்த ஆடி நீரோட்டத்தை நான் அறிவேன். சிங்கப்பூரிலிருந்து மேற்கே ஏடன் பக்கம் போய்க்கொண்டிருந்தோம், தென்மேற்குப் பருவம் உச்சத்தில் இருந்தது. வானம் மூடிக்கொண்டதால் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. செயற்கைக்கோள் கருவி கைக்கெட்டாத விலையில் இருந்த காலம், எங்கள் கப்பலில் கிடையாது. முகம் பார்த்த திசையையும் ஓடிய வேகத்தையும் நேரத்தையும் வைத்து ஊகமாக இடம் குறித்துக்கொண்டே வந்தேன். மறுநாள் மாலை மழை கொஞ்சம் விட்டபோது தெவுந்தரை ரேடாரில் வந்தது. கோணமும் தூரமும் எடுத்துக் குறித்தால், என் ஊகப் புள்ளிக்கு நாற்பது மைல் கிழக்கே இருக்கிறோம். ஊகப் புள்ளியிலிருந்து உண்மைப் புள்ளிக்கு ஒரு கோடு போட்டு, அதன் மேல் மூன்று அம்புத்தலை வரைந்தேன். வரைபடத்தில் ஒரு அம்புத்தலை போட்டால் கப்பல் நீருக்குள் போன வழி, இரண்டு போட்டால் தரைமீது போன வழி, மூன்று போட்டால் நீர் இழுத்த வழி. நாங்கள் படித்த வழக்கம் இதுதான். கேப்டன் வந்து குனிந்து பார்த்தார். "நாற்பதா? சரி செகண்ட், அதை அப்படியே லாக் புத்தகத்தில் எழுது. உனக்கு இனிமேல் அதால் பிரயோஜனம் இல்லை, அடுத்து வருகிறவனுக்கு உண்டு" என்றார்.

அடுத்து வருகிறவனுக்கு எழுதி வைப்பது என்ற பழக்கத்தை ஒரு சாத்திரமாக ஆக்கியவர் ஜேம்ஸ் ரென்னல். வங்காளத்தை அளந்து, இந்துஸ்தான் வரைபடம் போட்டவர் என்றுதான் நம் பாடப்புத்தகங்கள் அவரைச் சொல்லும். 1777-ல் இந்தியாவை விட்டு ஊருக்குப் போன வழியில் ஆப்பிரிக்காவின் தென்முனையில் ஓடும் அகுல்லாஸ் நீரோட்டத்தைக் கவனித்து, 1778-ல் அதற்கு ஒரு வரைபடம் வெளியிட்டார். மீதி ஆயுளில் பெரும்பகுதி கப்பல்களின் நாட்குறிப்பைச் சேகரிப்பதிலேயே போனது. கப்பல் ஊகித்த இடம் ஒன்று, கடிகாரத்தையும் விண்மீனையும் வைத்துக் கண்ட இடம் ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நூற்றுக்கணக்கான நாட்குறிப்புகளிலிருந்து பொறுக்கி எடுத்து ஒரே தாளில் அடுக்கினால் கடலின் ஓட்டம் தானாகத் தெரிந்துவிடும். துல்லியமான கப்பல் கடிகாரம் புழக்கத்துக்கு வந்ததால்தான் இது சாத்தியமானது. 1793-ல் அவர் எழுதிய கட்டுரை, இங்கிலாந்தின் வாசலில் சில்லித் தீவுகளுக்கு மேற்கே கப்பல்களை வடக்கே தள்ளும் ஓட்டம் ஒன்று உண்டு என்று எச்சரித்தது. 1707-ல் அட்மிரல் ஷோவலின் நான்கு போர்க்கப்பல்கள் ஓர் இரவில் மோதி நொறுங்கி ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்த பாறைகள் அந்தத் தீவுகளில்தான் இருக்கின்றன. அட்லாண்டிக் நீரோட்டங்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல், அவர் 1830-ல் இறந்த பிறகு, 1832-ல் மகளின் முயற்சியில் வெளிவந்தது. பரங்கிப்பேட்டை உலை மூட்டப்பட்ட அதே ஆண்டுகள்.

இந்துமாக் கடலுக்கு அந்த வேலையைச் செய்தவர் ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க். 1786-ல் அவர் முதல் மேட்டாக இருந்த அட்லஸ் என்ற கப்பல் டியேகோ கார்சியா தீவில் ஏறி உடைந்தது. வரைபடம் சரியில்லாததே காரணம் என்று முடிவுகட்டி, அன்று முதல் தான் போன இடமெல்லாம் காற்றையும் ஓட்டத்தையும் ஆழத்தையும் எழுதிக்கொண்டே போனார். 1809 முதல் 1811 வரை வெளிவந்த அவருடைய வழிகாட்டி நூல் கீழ்த்திசைக் கடல்களில் ஓடிய ஆங்கிலக் கப்பல்களுக்கு வேதம் மாதிரி. 1810 முதல் சாகும்வரை கம்பெனியின் கடல் வரைபடத் துறையே அவர் கையில் இருந்தது. ஹீத்தின் இரும்பைக் கொண்டுபோன கப்பல் தலைவன் இவர்கள் இருவரின் உழைப்பையும் அலமாரியில் வைத்துக்கொண்டுதான் பாய் விரித்திருப்பான்.

நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் தென்கிழக்கு வணிகக் காற்று. அந்தக் காற்று ஓட்டும் நீரும் மேற்கே போகும். பொதுவாகக் காற்றின் வேகத்தில் நூற்றில் இரண்டு மூன்று பங்கு மேல்நீருக்குக் கிடைக்கும். ஆனால் நீர் காற்றின் திசையிலேயே போகாது. பூமி சுழல்வதால் வடபாதியில் வலப்பக்கம் ஒதுங்கும், தென்பாதியில் இடப்பக்கம் ஒதுங்கும். நான்சென் என்ற நார்வேக்காரர் 1893-ல் ஃப்ராம் கப்பலை வேண்டுமென்றே ஆர்க்டிக் பனிக்கட்டிக்குள் உறைய விட்டு மூன்று வருஷம் மிதந்து பார்த்தபோது இதைக் கவனித்தார். எக்மன் 1905-ல் அதற்குக் கணிதம் போட்டுக் காட்டினார். ஹார்ஸ்பர்க் காலத்து மாலுமிக்குக் காரணம் தெரியாது, விளைவு தெரியும். அவனுக்கு அது போதும்.

மொரீஷியஸ் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம். வங்கக் கடலின் புயலுக்குத் தப்பித் தையில் கிளம்பிய கப்பல் இந்தப் புயலின் காலத்தில்தான் அங்கே போய்ச் சேரும். அதையும் கடந்து ஆப்பிரிக்காவின் நட்டால் கரையைப் பிடித்துவிட்டால், அகுல்லாஸ் காத்திருக்கும். உலகத்தின் வலிய நீரோட்டங்களில் ஒன்று, கரையை ஒட்டித் தென்மேற்கே நான்கு ஐந்து நாட் வேகத்தில்கூட ஓடும். ஐந்து நாட் வேகத்தில் ஊர்ந்த பாய்மரக் கப்பலுக்கு ஒரு நாளில் நூறு மைல்வரை இனாம். ஊருக்குத் திரும்புகிற கப்பல்கள் ஆழம் நூறு பாகமாகும் விளிம்பை ஒட்டியே இறங்கி இந்த இனாமை முழுசாக வாங்கிக்கொள்ளும். இந்தியாவுக்கு வருகிற கப்பல்கள் இதன் கண்ணில் படாமல் தெற்கே 38, 40 பாகை வரை ஒதுங்கி மேலைக்காற்றைப் பிடித்துப் போகும். இரண்டு முனைகளுக்கு நடுவே போகும் வழி ஒன்று, வரும் வழி வேறொன்று.

இனாமுக்கு விலையும் உண்டு. தென்மேற்கிலிருந்து சூறை எழும்பி இந்த ஓட்டத்துக்கு எதிராக மோதும்போது அலைகள் செங்குத்தாக நிமிரும், இரண்டு அலைக்கு நடுவில் குழி விழும். 1909 ஜூலையில் டர்பனை விட்டுக் கேப்டவுனுக்குக் கிளம்பிய வாராட்டா என்ற நீராவிக் கப்பல் 211 பேரோடு இந்தக் கரையில் காணாமல் போனது. இன்றுவரை தடயம் இல்லை. எங்கள் காலத்துப் புத்தகத்திலும் அந்தச் சூறை வந்தால் ஓட்டத்தை விட்டுவிட்டுக் கரைப்பக்கம், 200 மீட்டர் ஆழக் கோட்டுக்கு உள்ளே வந்துவிடு என்றுதான் போட்டிருந்தது.

இந்தக் கடல்வழியில் இரும்பு மட்டும் போகவில்லை, ஆட்களும் போனார்கள். 1860 அக்டோபர் இரண்டாம் வாரத்தில், கொடிமரம் இறங்குவதற்கு ஒட்டி முன்னால், சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பி நவம்பர் 16-ல் டர்பனில் இறக்கியது. நட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன முதல் கப்பல் அது. அதற்குப் பின் போன கப்பல்களில் சேலம் மாவட்டத்துச் சனமும் உண்டு. அவர்களில் பெரும்பாலானவர்களை எந்த நீரோட்டமும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

அகுல்லாஸை விட்டு அட்லாண்டிக்கில் ஏறினால் வழி இளகும். தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையோரம் வடக்கே ஓடும் பெங்குவெலா, அதற்கு மேல் வணிகக் காற்று, செயின்ட் ஹெலினா தீவில் தண்ணீர் பிடிப்பு, நிலநடுக்கோட்டில் காற்றற்ற கொஞ்ச நாள், பிறகு அசோர்ஸ் தீவுகளைச் சுற்றி மேலைக்காற்று. கடைசியாக வாசலில் ரென்னல் எச்சரித்த சில்லித் தீவுகள். அதுவரை வந்த கப்பல், லண்டன் போகும் கால்வாய்க்குள் நுழையாமல் ஒரு நாள் பிசகில் வடக்கே ஒதுங்கிப் பாறையில் ஏறலாம். ஆயிரக்கணக்கான மைல் காப்பாற்றிக்கொண்டு வந்த கணக்கு கடைசிச் சில மைலில் கெட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் ரென்னல் அந்த மூலையை அவ்வளவு பாடுபட்டு ஆராய்ந்தார்.

இரும்பு போய்ச் சேர்ந்து என்ன ஆனது? ஷெஃபீல்டு அதை எஃகாக்க வாங்கியது. வேல்ஸில் மெனாய் நீரிணையின் மேலுள்ள இரண்டு பெரிய பாலங்களிலும் பரங்கிப்பேட்டை இரும்பு உண்டு என்று பல புத்தகங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுகின்றன. தொங்குபாலம் திறந்தது 1826 ஜனவரியில், பரங்கிப்பேட்டை உலை வந்தது 1830-ல். அது ஒத்துவராது. 1850-ல் திறந்த பிரிட்டானியா குழாய்ப் பாலத்துக்குத் தேதி ஒத்துவருகிறது. நம் ஊர்ப் பெருமை பேசுகிறவர்கள் ஒரு பாலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஹீத் இங்கிலாந்து போய், 1839-ல் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டில் வார்ப்பெஃகின் விலை அதனால் இறங்கியது. அவர் எழுதியிருந்தது மாங்கனீசும் கரியும் சேர்ந்த சேர்மத்தை. மற்றவர்கள் மாங்கனீசு ஆக்சைடையும் தாரையும் தனித்தனியாகக் குப்பியில் போட்டு அதே பலனைப் பெற்றார்கள், காசு கொடுக்கவில்லை. வழக்கு நீண்டது. 1851-ல் அவர் இறந்தபோதும் முடியவில்லை, பிறகு முடிந்தபோது அவருக்கு எதிராகவே முடிந்தது.

இங்கே 1853-ல் நான்கு லட்சம் பவுன் மூலதனத்தோடு கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்று புதிதாக ஒன்று எழுந்தது. கடலோரத்துக்குக் கல்லைக் கொண்டுபோவதற்குப் பதில் உலையையே மேலே கொண்டுவரலாம் என்று, 1855-ல் தென்னார்க்காட்டில் ஒன்றும், காவிரிக் கரையில் பூலாம்பட்டிப் பக்கம் ஒன்றுமாகப் போட்டார்கள். மூன்று வருஷத்தில் இரண்டும் அணைந்தன. பரங்கிப்பேட்டை 1866-லும் பேப்பூர் 1867-லும் மூடின. இன்று பூலாம்பட்டியில் கதவணை கட்டித் தேக்கிய நீரில் நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மீன் வறுவல் தின்ன வருகிறவர்களில் இங்கே ஊதுலை எரிந்தது என்று தெரிந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. கஞ்சமலை அடிவாரத்தில் 1980களின் தொடக்கத்தில் எழுந்த சேலம் உருக்காலையும் வெளியூரிலிருந்து வரும் எஃகைத்தான் தகடாக்கித் தொழில் செய்தது. மலையின் கல் மலையிலேயே இருக்கிறது.

இரும்புக் கம்பெனி ஏன் விழுந்தது? கல்லுக்குக் குறையில்லை, கடல்வழி ஊரறிந்த வழி. விழுந்தது கரியால். ஒரு டன் இரும்புக்குப் பல டன் விறகு வேண்டும். சுற்றுவட்டாரக் காடு சுருங்கச் சுருங்க விறகு தூரம் போனது, வண்டிக்கூலி ஏறியது, போதாததற்கு 1860களில் ரயிலும் வந்து அதே காட்டில் பங்கு கேட்டது. நிலக்கரியில் உருக்கிய ஆங்கில இரும்பு அதே நீரோட்டங்களைப் பிடித்து இங்கே மலிவாக வந்து இறங்கியது. கடல்வழி இரண்டு பக்கமும் திறந்திருக்கும் வாசல். ஹீத் அதில் வெளியே போவதை மட்டும்தான் கணக்கிட்டார்.

1869-ல் சூயஸ் திறந்தபின் நன்னம்பிக்கை முனை வழி பாய்மரக்காரர்களோடு மங்கியது. நீராவி வந்துவிட்டது, இனி நீரோட்டம் எதற்கு என்று நினைத்தவர்கள் உண்டு. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட ஆரம்பித்ததும் ஐரோப்பாவுக்குப் போகிற பெட்டிக் கப்பல்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே திரும்பின. திருப்பூர் பனியனும் கரூர் படுக்கை விரிப்பும் ஹீத்தின் இரும்பு போன வழியில் போயின. ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல் தகவல் மையம் இன்று நீரோட்டத்தை நாலைந்து நாள் முன்கூட்டியே கணித்துச் சொல்கிறது. செயற்கைக்கோள் கடல்மட்டத்தின் மேடு பள்ளத்தையே அளக்கிறது. எரிபொருள் கணக்குப் பார்க்கிற கேப்டன் இப்போதும் அகுல்லாஸில் போகும்போது உள்ளே, வரும்போது வெளியே என்றுதான் கோடு போடுகிறார்.

பரிசல்காரர் ஆற்றின் இழுப்பை முன்கூட்டியே கொடுத்தார், அது அவருக்குத் தலைமுறை தலைமுறையாக வந்தது. ஹார்ஸ்பர்க்கும் ரென்னலும் கடலின் இழுப்பை எழுதி வைத்ததால் ஹீத்தின் கப்பல் ஷெஃபீல்டுக்கு இரும்பைக் கொண்டுசேர்த்தது. ஆனால் சேலத்துக் காடு எவ்வளவு வேகத்தில் குறைகிறது என்று யாரும் நாட்குறிப்பு எழுதவில்லை. சென்னை மாகாணத்துக்கு முதல் வனப் பாதுகாவலராகக் கிளெக்ஹார்ன் வந்ததே 1856-ல், உலைகள் மூட்டிக் கால் நூற்றாண்டு கழித்து. இரும்புக் கம்பெனியைக் கரைசேர விடாமல் ஒதுக்கிய இழுப்பு அந்தப் பக்கம்தான் இருந்தது.